சீசன் டிக்கெட்டா, தினசரி டிக்கெட்டா?

திருநெல்வேலியில் வீடு, தூத்துக்குடி துறைமுகம் பக்கம் ஆபீஸ், மணியாச்சி வழியா ரயில் பயணம். மாத சீசன் டிக்கெட் எடுக்கலாமா? 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும். இந்த ரூட் அதுக்குள்ளதான்.

ஒரே ஒரு வகுத்தல் போதும். சீசன் விலையை ஒரு வழிக் கட்டணத்தால் வகுங்க. உதாரணத்துக்கு 15 வந்தால், 16-வது பயணத்திலிருந்து உங்களுக்கு லாபம். மாசம் 25 நாள் ஆபீஸ்னா 50 பயணம். யோசிக்காம சீசன் எடுங்க. வாரம் ஒரு நாள் மட்டும் போனால் 8 பயணம்தான். தனி டிக்கெட்டே மலிவு.

மூன்று மாத சீசனுக்கு மாதக் கட்டணம் போல 2.7 மடங்கு. 10 சதவீதம் மிச்சம். ஆனா 2 மாசத்தில் வேலை மாறினால், முக்கால் மாசக் காசு கிட்டத்தட்ட வீண். வேலை தேடிட்டு இருக்கறவங்க மாத சீசனோட நிறுத்திக்கோங்க.

லீவில் ஐரோப்பா போறவங்களுக்கும் இதே கணக்குதான். யூரெயில் பாஸ் விலையை, நீங்க போகப்போற ரயில்களின் தனி டிக்கெட் மொத்தத்தோட ஒப்பிடுங்க. பிரான்ஸ், ஸ்பெயின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் சீட் ரிசர்வேஷனுக்குத் தனிக் காசு. அதையும் பாஸ் விலையோட கூட்டுங்க.

முதல்ல, போன மாசம் நிஜமா எத்தனை தடவை ரயில் ஏறினீங்கன்னு எண்ணுங்க. அப்புறம் கவுன்டருக்குப் போங்க.