கைகுலுக்கியவரும் கல்லெறிந்தவரும்

அண்மையில் ஒரு மாலைப்பொழுதிலே எமது பழைய மாணாக்கர் ஒருவர் வீடு தேடி வந்தார். இப்பொழுது பல்கலைக்கழகத்திற் பயில்பவர். கல்லூரியில் இருந்த காலத்திலே திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரத்தை ஒரு சொல்லும் பிசகாது எம்மிடம் ஒப்புவித்துப் பாராட்டுப் பெற்றவர். கையிலே மடித்த தாளொன்று வைத்திருந்தார். ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். பிழை திருத்தித் தரவேண்டும் என்றார். யாருக்குக் கடிதம் என்று வினவினோம். சிறிது நேரம் தலைகுனிந்திருந்துவிட்டு, "சேர், நான் இங்கே படிக்கிற காலத்தில், முன்பின் அறியாத ஒருவரைச் செத்துப்போகும்படி எழுதினேன். அவருக்குத்தான்" என்றார்.

மோட்டார்ப் பந்தயங்களை அறியாத வாசகர்களுக்காக நடந்ததைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆந் திகதி. அபுதாபியில் அவ்வருடத்தின் இறுதிப் போர்மியூலா வண் பந்தயம். இங்கிலாந்தின் லூயிஸ் ஹமில்ட்டனும் நெதர்லாந்தின் மெக்ஸ் வெர்ஸ்டப்பனும் அதுவரை ஈட்டியிருந்த புள்ளிகள் சரிசமம், ஆளுக்கு 369.5. அன்று முந்துபவருக்கே உலகப் பட்டம். மொத்தம் 58 சுற்றுக்கள். ஹமில்ட்டன் முன்னே ஓடிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய ஐந்து சுற்றுக்களே எஞ்சியிருந்த வேளையிலே, பட்டத்தோடு யாதொரு சம்பந்தமுமின்றிப் பின்வரிசையில் ஓடிக்கொண்டிருந்த நிக்கலஸ் லத்தீபி என்ற கனடா நாட்டு இளைஞரின் கார் சுவரில் மோதியது. ஆபத்தைத் தவிர்க்கப் பாதுகாப்புக் கார் ஓடுபாதைக்கு வந்தது. எல்லாக் கார்களும் அதன் பின்னே நெருங்கின. வெர்ஸ்டப்பன் புதிய டயர்களை மாட்டிக்கொண்டார்; ஹமில்ட்டனுடையவையோ தேய்ந்தவை. இருவருக்கும் இடையே நின்ற ஐந்து கார்களை மாத்திரம் விலகிச்செல்லப் பந்தய இயக்குநர் அனுமதித்தார். கடைசிச் சுற்றிலே வெர்ஸ்டப்பன் முந்தினார், பட்டம் கைமாறியது.

அதன்பின் நிகழ்ந்தவற்றைக் கவனியுங்கள். எட்டாவது உலகப் பட்டத்தை ஒரே சுற்றில் இழந்த ஹமில்ட்டன், வென்றவரிடம் நடந்துசென்று வாழ்த்தினார். அவருடைய தந்தையாரும் சென்று வாழ்த்தினார். அந்த நேரத்திலே, இழப்பதற்கு எதுவுமில்லாத ஆயிரக்கணக்கானோர் உலகின் பல மூலைகளிலும் கைபேசியை எடுத்து லத்தீபிக்கு எழுதிக்கொண்டிருந்தனர். வசைகள், சாபங்கள், கொலைப் பயமுறுத்தல்கள். அவற்றுள் ஒரு வரி எமது கல்லூரிச் சீருடை அணிந்த ஒருவருடையது.

லத்தீபிக்கு அப்பொழுது வயது 26. கொடி விழுந்தவுடனேயே இனி என்ன நடக்கும் என்பது தமக்குத் தெரிந்துவிட்டதென்றும், அதனாற் சமூக வலைத்தளச் செயலிகளைச் சில நாட்களுக்குத் தமது கைபேசியிலிருந்து அகற்றிவிட்டதாகவும் ஒன்பது நாட்கள் கழித்து வெளியிட்ட அறிக்கையில் அவர் கூறினார். இலண்டனில் இருக்கும்போது தமக்கு மெய்க்காவலர் அமர்த்தவேண்டி நேர்ந்ததையும் பின்னர் வெளிப்படுத்தினார். முதலிடத்துக்காயினும் கடைசி இடத்துக்காயினும் கொடி விழும்வரை முழுமூச்சோடு ஓடுவதே தமது தொழில் என்பது அவ்வறிக்கையின் சாரம். அது எமது மனத்தைத் தொட்டது. வகுப்பிலே கடைசி வாங்கிலிருந்து ஊன்றிப் படிக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம்.

அவர் செய்த குற்றந்தான் யாது? சுவரில் மோதியது. பாதுகாப்புக் காரை எப்போது, எவ்வாறு விலக்குவது என்ற முடிவு அவருடையதன்று. அதனை எடுத்த பந்தய இயக்குநர் பதவியினின்றும் நீக்கப்பட்டார். சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனத்தின் விசாரணை அறிக்கை, மனிதத் தவறு நேர்ந்ததென 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. (அந்த இயக்குநருக்கும் கொலைப் பயமுறுத்தல்கள் வந்தனவாம்.) ஆயினும் கோபம் நியாயம் பார்த்துப் பாய்வதில்லை. பின்வரிசையில் ஓடுபவனுக்குப் பரிந்து பேச ஆதரவாளர் படையில்லை. எனவே அவன்மீது பாய்வது எளிது.

"ஏன் தம்பி அப்படி எழுதினீர்?" என்று கேட்டோம்.

"எல்லாரும் எழுதினார்கள், சேர்."

தேர் வடத்திலே கைவைத்தவர் ஆயிரம் பேர். இழுத்தவன் நானல்லன், சும்மா தொட்டவன் என்று அவர்களுள் எவருஞ் சொல்லலாம். தேர் என்னவோ நகர்ந்துவிடுகிறது. நமது கல்லூரிகளின் கிரிக்கெட் போட்டிகளிலும் பிள்ளைகள் வாய்க்கு வந்ததைக் கத்துகிறார்கள். இல்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. ஆயினும் அங்கே எதிரணியின் முகம் கண்ணுக்குத் தெரிகிறது. கத்தியவனின் முகத்தை ஆசிரியர் பார்க்கிறார். பொழுது சாயச் சத்தமும் சாய்ந்துவிடுகிறது. கைபேசியில் எழுதிய வரி சாய்வதில்லை. எழுதியவன் உறங்கிய பின்னரும் எழுதப்பட்டவன் அதனை வாசிக்கிறான்.

நிற்க. இப்பந்தயத்தின் பழைய சரித்திரத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியை மாணாக்கர்கள் அறிந்திருத்தல் நன்று. 1958ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆந் திகதி, போர்த்துக்கல் நாட்டின் போர்ட்டோ நகர வீதிகளிலே நடந்த பந்தயத்தில் ஸ்டேர்லிங் மொஸ் முதலாவதாகவும் மைக் ஹோதோர்ன் இரண்டாவதாகவும் வந்தனர். இருவரும் ஆங்கிலேயர், அவ்வருடப் பட்டத்துக்கு நேரெதிர்ப் போட்டியாளர்கள். பந்தய முடிவிலே ஹோதோர்னின் கார் சுழன்று நின்றுபோக, அதனை மீண்டும் இயக்குவதற்காக ஓட்டத்துக்கு எதிர்த்திசையிற் செலுத்தினார் என்று குற்றஞ் சாட்டப்பட்டது. நிரூபணமானால் அன்றைய புள்ளிகள் யாவும் பறிபோம். நடுவர்முன் ஹோதோர்னுக்காகச் சாட்சி சொன்னவர் யார் தெரியுமா? மொஸ்தான். ஹோதோர்ன் காரைச் செலுத்தியது நடைபாதையிலே, ஓடுபாதையிலன்று. ஆதலால் விதியை மீறவில்லை என்று தாம் கண்டதைக் கண்டபடி கூறினார். ஹோதோர்னின் ஏழு புள்ளிகளும் தப்பின. வருட முடிவில் ஹோதோர்ன் 42 புள்ளி, மொஸ் 41. நான்கு பந்தயங்களில் வென்றிருந்த மொஸ், ஒரேயொரு பந்தயத்தில் வென்ற ஹோதோர்னிடம் ஒரு புள்ளியாற் பட்டத்தை இழந்தார். 2020இல் காலமாகும்வரை உலகப் பட்டம் அவருக்குக் கிட்டவேயில்லை. இன்று அவர் அவ்வாறு செய்திருந்தால் அவருடைய இரசிகர்களே அவரை என்னவென்று ஏசியிருப்பார்கள் என்று எண்ணிப்பார்க்கவும் கூசுகின்றது.

உயிரைப் பணயம் வைப்பவர்கள் ஒருவரையொருவர் மதிப்பதற்குக் காரணம் உண்டு. 2020 நவம்பரில் பஹ்ரேனிலே ரொமெய்ன் குரோஷானின் கார் இரண்டாய்ப் பிளந்து தீப்பற்றியபோது, அவர் ஏறக்குறைய 28 விநாடிகள் நெருப்பின் நடுவே இருந்து வெளியேறினார். தமக்கும் அது நேரலாம் என்பதை ஒவ்வோர் ஓட்டுநரும் அறிவார். இதனைக் கண்ட பின்னருங்கூட, 2021இல் சில்வர்ஸ்டோனில் வெர்ஸ்டப்பனின் கார் மோதியபோதும், 2022இல் ஆஸ்திரியாவில் ஹமில்ட்டனின் கார் மோதியபோதும், பார்வையாளர் மேடையிற் சிலர் ஆரவாரித்தனர். 2022இல் அமெரிக்கப் பந்தயத்தின் பின்னர், ஊதியமின்றித் தொண்டாற்றும் பெண் நடுவர் ஒருவருக்கே கொலைப் பயமுறுத்தல்கள் சென்றன.

எமது மாணாக்கரை எம்மிடம் அனுப்பிவைத்தது 2025ஆம் ஆண்டு நிகழ்ச்சி. நவம்பர் 30ஆந் திகதி கட்டாரிலே, ஈற்றயற் சுற்றிற் கிமி அன்ரனெல்லி என்ற இத்தாலிய இளைஞரின் கார் சற்று வழுக்கி விலக, லான்டோ நொரிஸ் நான்காம் இடத்துக்கு முன்னேறினார். அன்ரனெல்லி வேண்டுமென்றே வழிவிட்டார் என்ற பொருள்பட, வெர்ஸ்டப்பனின் பொறியியலாளர் வானொலித் தொடர்பிலும், ரெட் புல் அணியின் அப்போதைய ஆலோசகர் ஹெல்முட் மார்க்கோ பந்தயத்தின் பின்னரும் பேசினர். போதாதா? 1100க்கும் மேற்பட்ட கொடிய செய்திகளை அவருடைய பக்கங்களில் மேர்சிடிஸ் அணியினர் கணக்கெடுத்தனர். மறுநாள் ரெட் புல் அணி அக்கூற்று தவறானதென ஒப்புக்கொண்டு வருத்தந் தெரிவித்தது. பெரியவர்கள் கோபத்தில் உதிர்த்த இரண்டொரு வாக்கியங்கள் சிறியவர்களின் கையிலே கல்லாகிவிட்டன. எம்மைக் கேட்டால், எறிந்தவனைப் போலவே எடுத்துக் கொடுத்தவனும் பொறுப்பாளிதான்.

அன்ரனெல்லிக்கு அப்பொழுது வயது 19. அதே வருடத்தின் நடுப்பகுதியிலேதான் பாடசாலை இறுதிப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவர். மே மாதம் இமோலாப் பந்தயத்துக்குத் தமது வகுப்புத் தோழர்களை அழைத்திருந்தவர். நமது உயர்தர வகுப்புப் பிள்ளையொன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

இது வெள்ளைக்காரர் விவகாரம் என்று தள்ளிவிடுவதற்கும் இல்லை. தமிழ்நாட்டு நடிகர் அஜித் குமார் 2025 ஜனவரியில் துபாய்க் கார்ப் பந்தயத்துக்குச் சென்றிருந்தபோது, நடிகர்களை வாழ்க வாழ்க என்று கோஷமிட்டுச் சண்டையிடும் இரசிகர்களைப் பார்த்து, அவர்கள் தாம் எப்போது வாழப்போகிறார்கள் என்று கேட்டார். காரோட்டப் போன இடத்திலும் அவருக்கு இதைச் சொல்லவேண்டியிருந்தது.

நாம் மாணாக்கரின் கடிதத்தை எடுத்து வாசித்தோம். லத்தீபி 2022 முடிவில் போர்மியூலா வண்ணை விட்டு விலகி, மறுவருடம் இலண்டனில் வணிக முகாமைத்துவம் கற்கச் சென்றவர் என்பதையெல்லாம் அவர் தேடி அறிந்திருந்தார். அந்த வரியை மறுநாட் காலையிலேயே அழித்துவிட்டாராம். அதற்குள் அது வாசிக்கப்பட்டதோ என்பதை அறிய வழியில்லை. இப்பொழுதெல்லாம் பந்தயம் முடிந்ததும் கைபேசியை அறைத்தோழரிடம் கொடுத்துவிட்டுப் படுக்கின்றாராம்.

கடிதத்தில் இலக்கணப் பிழை இரண்டே. அவற்றைத் திருத்தினோம். மூன்றாம் வரியிலே, தங்கள் மனம் ஒருவேளை புண்பட்டிருந்தால் என்ற கருத்துப்பட ஒரு தொடர் இருந்தது. பேனாவை அதன்மேல் வைத்து அவரைப் பார்த்தோம்.

"அதை வெட்டிவிடுங்கள், சேர்" என்றார்.

வெட்டினோம். முற்றத்துக் கதிரையிலிருந்தே தட்டச்சுச் செய்து அனுப்பிவிட்டு, வைத்த தேநீர் ஆறிப்போயிருந்ததைக் குடித்துவிட்டுப் போனார்.