நிற்கும்போதா, ஓடும்போதா?

கடந்த கோடையில் பயிற்சி ஒன்றுக்காக ஆசிரியர்கள் நான்கு பேர் என் பழைய பெட்ரோல் காரில் போய்க்கொண்டிருந்தோம். ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நிற்க வேண்டியதாயிற்று. எஞ்சினை அணைக்கவில்லை. வெப்பநிலை காட்டும் முள் மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. கேட் திறந்து வண்டி வேகம் எடுத்ததும் தானாக இறங்கிவிட்டது. வெயில்தான் காரணம் என்று நாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டோம்.

ஊர் திரும்பியதும் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், கூலன்ட்டை மாற்றினார்கள். மூவாயிரம் ரூபாய் போனது. அடுத்த சிக்னலிலேயே முள் மறுபடி ஏறியது. பிறகு வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கும் முன் கேட்டது ஒன்றுதான்: "நிக்கும்போது சூடாகுதா சார், ஓடும்போது சூடாகுதா?"

இந்தக் கேள்வியின் அருமை, நாம் வகுப்பில் நடத்தும் பாடத்திலேயே இருக்கிறது. பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீருக்குப் போகிறது. பம்ப் அந்த நீரை ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே மெல்லிய உலோகத் தகடுகளுக்கு இடையே புகும் காற்று வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. பெயர்தான் ரேடியேட்டர், கதிர்வீச்சால் வெளியேறும் வெப்பம் அதில் சொற்பம். வெப்பக் கடத்தலும் வெப்பச் சலனமுமே பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெயரை வைத்துத் தவறாகத்தான் சொல்வார்கள்.

வண்டி ஓடும்போது காற்று தானே வந்து மோதும். நிற்கும்போது காற்றை இழுத்துத் தருவது மின்விசிறி மட்டுமே. ஆகவே நிற்கும்போது ஏறி, ஓடும்போது முள் இறங்கினால் முதல் சந்தேகம் விசிறியின் மேல். ஓடும்போதும், மேடு ஏறும்போதும் சூடானால் நீரின் பக்கம் பார்க்க வேண்டும்: கூலன்ட் கசிவு, உப்புப் படிந்து அடைத்த ரேடியேட்டர், பழுதான பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட். இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருந்தால் என் மூவாயிரம் மிஞ்சியிருக்கும்.

மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடச் சொன்னார். பெரும்பாலான கார்களில் அப்போது விசிறி சுழலத் தொடங்கும். எங்கள் காரில் அசையவில்லை. ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. எஞ்சினை அணைத்து, விசிறியின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்தார். விசிறி சுற்றியது. மோட்டாரில் குறை இல்லை. அடுத்து ஹாரனின் ரிலேயை எடுத்து விசிறியின் ரிலே இருந்த இடத்தில் பொருத்தினார்; இரண்டும் ஒரே வகை. மறுபடி ஏ.சி.யைப் போட்டதும் விசிறி ஓடியது. பழைய ரிலேயின் தொடுமுனைகள் கருகியிருந்தன. புதிய ரிலே முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தார் என்பதைக் கவனியுங்கள். ஒர்க்‌ஷாப்பில் இரண்டை ஒன்றாக மாற்றியதால் எதனால் என்ன ஆனது என்றே தெரியாமல் போயிற்று.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்பதைக் குக்கரை வைத்துத்தானே நடத்துகிறோம்? மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த கணமே பொங்கி முகத்தில் அடிக்கும். எஞ்சின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். எஞ்சினை அணைத்த பிறகும் சில கார்களில் விசிறி திடீரெனச் சுழலும். கையை அருகில் கொண்டுபோக வேண்டாம்.

இந்தக் கதையை எட்டாம் வகுப்பில் சொன்னேன். கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "சார், ஏ.சி. போட்டா மட்டும் ஃபேன் சுத்துதுன்னு வைங்க, அப்போ?" என்றாள். மோட்டார் நல்லது, ஃபியூஸும் பெரும்பாலும் நல்லது. அப்படியானால் நீரின் சூட்டை அளந்து சொல்லும் சென்சாரையோ அதன் ஒயரையோதான் பார்க்க வேண்டும். விடையைக் கரும்பலகையில் அவளையே எழுதவைத்தேன்.