வயலும் வனமும் – 9: கையில் ஒரே ஒரு வெடி
ஸ்ரீமுஷ்ணத்தில் பன்றி கடவுள். சிதம்பரத்துக்கு மேற்கே சுமார் 40 கி.மீ. தூரத்தில் பூவராக சுவாமி இடுப்பில் கை ஊன்றி நிற்கிறார். மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரை வரை தீர்த்தவாரிக்கு வருவார். அங்கே தர்கா சார்பில் அவருக்கு மரியாதை செய்யும் வழக்கம் உண்டு. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து இன்னும் மேற்கே வேப்பூர், திட்டக்குடிப் பக்கம் போனால், மக்காச்சோளக் கொல்லைக்காரர்கள் பன்றியைப் பற்றிப் பேசும் தொனியே வேறு. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் இரவில் இறங்கினால், தின்பதைவிட மிதித்துச் சாய்ப்பதுதான் அதிகம். பட்டாசு வெடித்தும் தகரம் தட்டியும் பரணில் விழித்திருந்தும் ஓய்ந்தவர்கள் கடைசியில் கேட்கும் கேள்வி: “சுட்டா என்ன?”

எதைக்கொண்டு சுடுவது என்பதில்தான் சிக்கலே.

அமெரிக்காவில் இது பொழுதுபோக்குக்காரர்களின் விவாதம். 1539-இல் ஹெர்னாண்டோ டி சோட்டோ ஃபுளோரிடாவில் கொண்டுவந்து இறக்கிய பன்றிகள் அந்த நாட்டுக் காட்டுப்பன்றிகளின் முன்னோர்களில் சேர்த்தி. அவற்றை ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கியால் வேட்டையாடுவதைப் பெருமையாக நினைப்பவர்கள் உண்டு. வாரன் சென்டர் வடிவமைத்து 1967-இல் வெளிவந்த ‘தாம்ப்சன் சென்டர் கன்டெண்டர்’ அவர்களுக்குப் பிடித்த கருவி. பிடி ஒன்றுதான், குழலை மட்டும் கழற்றி மாற்றலாம். எந்தத் தோட்டா, .44 மேக்னமா, .30-30-ஆ, .35 ரெமிங்டனா என்பதே அவர்களுடைய வாதம்.

வாதம் அர்த்தமில்லாதது அல்ல. வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவைத் தாண்டும். தோளிலும் விலாவிலும் அதற்குக் கவசம்போலத் தடித்த சதை இருக்கிறது. இதயம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக, முன்னங்காலை ஒட்டி இருக்கிறது. மெல்லிய தோட்டா அந்தக் கவசத்தில் வேகம் இழந்துவிட்டால், பன்றி செத்துவிழாமல் புதருக்குள் போய் நாள்கணக்கில் துடிக்கும். தேடிப் போகிறவரைக் கோரைப்பல்லால் கிழிக்கவும் செய்யும். இரண்டாவது தோட்டா இல்லாத துப்பாக்கியை ஏந்துகிறவருக்கு முதல் வெடி தவறவே கூடாது.

இங்கே அந்தத் தேர்வுக்கே இடமில்லை. இந்தியாவில் 9 மி.மீ. கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகை. சாதாரண மக்களுக்கு உரிமத்தோடு கிடைப்பது பெரும்பாலும் .32 ரிவால்வர். .44 மேக்னம் தோட்டாவின் ஆற்றல் இதைப்போல ஆறு மடங்குக்கு மேல். .32-ஐ வைத்துக்கொண்டு பன்றி முன்னால் நிற்பது ஆபத்து, பன்றிக்குச் செய்யும் கொடுமையும்கூட.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் விவசாயிக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பயிர்க் காவலுக்காக, குழல் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம். அதுவும் ஒற்றை வெடிதான். மருந்து இடித்து, ரவை போட்டு, கேப்பு பொருத்துவதற்குள் கூட்டம் அடுத்த கொல்லைக்குப் போயிருக்கும். நரிக்குறவர்கள் தலைமுறைகளாகப் புழங்கிய துப்பாக்கி இதுதான். 1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுடைய வேட்டைத் தொழிலையே நிறுத்தியது. ஊசிமணி, பாசிமணியே பிழைப்பாக நின்றது. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அரை நூற்றாண்டு என்பது மிக நீண்ட காத்திருப்பு.

துப்பாக்கி உரிமம் கையில் இருப்பதாலேயே பன்றியைச் சுட்டுவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெடிக்கும் ஓசை பயிரைக் காக்கலாம். உயிரை எடுக்க வனத்துறையின் அனுமதி தனியாக வேண்டும். உத்தராகண்டில் 2016-இல் குறிப்பிட்ட பகுதிகளில் காட்டுப்பன்றியைத் தீங்குயிரி என்றே மத்திய அரசு அறிவித்தது. கேரளம் 2022-இல் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் தூரத்தை அளவுகோலாக்கியது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம்.

சுடும் பொறுப்பைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டது சரியான முடிவு. இருட்டில், பதற்றத்தில், பக்கத்துக் கொல்லையிலும் ஆள் காவலிருக்கும்போது, விவசாயி கையில் ஒற்றை வெடியைக் கொடுப்பது அவருக்கே பாரம். ஆனால் பன்றி வருவது நள்ளிரவில். மனு எழுதி, ஆள் வந்து சேர்வதற்குள் கதிர் போய்விடும். இழப்பீடும் அழைப்புக்கு உடனே வரும் குழுவும் இல்லையென்றால், திருட்டு மின்வேலியும், இரைக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயும்தான் அந்த இடத்தை நிரப்பும். அவற்றுக்குப் பன்றி, நாய், மனிதர் என்ற பேதம் தெரியாது.

கடலூர் மாவட்டத்தில் காடு மேற்கே மட்டும் இல்லை. கிள்ளைக்கு அருகே பிச்சாவரத்து அலையாத்தியும் காப்புக்காடுதான். அதன் கரையோர வயலில் நாளை ஒரு பன்றி இறங்கினால், அது முதல் 1 கி.மீ. கணக்கில் வரும். காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் காவலிருக்கும் விவசாயிக்கு மூன்றாவது விதி. அந்த எல்லைக் கோட்டைத் தரையில் யார் அளந்து காட்டுவது, இரவில் யாரை அழைப்பது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.