கோடையில் ஓர் இளநீர்: உங்கள் கேள்விகளும் எங்கள் பதில்களும்

கேள்வி: கோடையில் உங்களுக்குப் பிடித்தவை எவை?

பதில்: கொட்டாரத்துச் சாலையோர நுங்கும், நம் மாவட்டத்தார் அக்கானி என்றழைக்கும் பதநீரும் எங்களுக்கும் பிடித்தமானவையே.

கேள்வி: டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பா, இளநீர் கேட்கிறார். ஒன்றே ஒன்று கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு தம்ளர் (240 மி.லி.) இளநீரில் ஏறத்தாழ 600 மி.கி. பொட்டாசியம் உண்டு. செயலிழந்த சிறுநீரகத்தால் அதனை வெளியேற்ற இயலாது. இரத்தத்தில் மிகுந்தால் இதயத்துடிப்பே நின்றுவிடக்கூடும்.

கேள்வி: அறியாமல் பருகிவிட்டால்?

பதில்: அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

கேள்வி: தாகத்திற்கு என்ன தருவது?

பதில்: மருத்துவர் குறித்த நீரளவுக்குள், சிறு பனிக்கட்டியை வாயிலிட்டுச் சுவைக்கக் கொடுங்கள். மாலையில் மரநிழலில் அவருடன் அமர்ந்து பேசுங்கள். அதற்கு அளவு கிடையாது.