வாவிக்கரையில் திரைப்படக் கல்வி

ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் திருமண வைபவங்களைப் படம்பிடிக்கும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. கையடக்கத் தொலைபேசியிலேயே காட்சிகளைத் தொகுத்துப் பாடல் சேர்த்துவிடும் மாணவர்களும் இன்று பலர் உள்ளனர். ஆயினும் க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியானபின், திரைப்படத்தைப் பட்டப்படிப்பாகப் பயில விரும்புவதாக ஒரு பிள்ளை கூறினால், "படம் எடுப்பதற்கும் ஒரு பட்டமா?" என்பதே வீட்டில் எழும் முதற் கேள்வியாக இருக்கிறது. சினிமா என்றதும் முகஞ்சுளிக்கும் பெரியோர் இரு சமூகங்களிலும் உள்ளனர். அவர்களது அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அப்படிப்பில் உண்மையில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பதை அறிந்தபின் முடிவெடுப்பதே பிள்ளைக்குச் செய்யும் நீதியாகும்.

இம்மண்ணுக்கு இது புதிய விடயமன்று. மட்டக்களப்பு நகரையடுத்த அமிர்தகழியில் 1939 இல் பிறந்த பாலு மகேந்திரா, ஒளிப்பதிவு பயில்வதற்காகக் கடல்கடந்து இந்தியாவின் புனே திரைப்படக் கல்லூரிக்குச் சென்றார். 1969 இல் தங்கப் பதக்கத்துடன் வெளியேறிய அவர், 1977 இல் வெளியான 'கோகிலா' கன்னடப் படத்தின் ஒளிப்பதிவுக்காக இந்திய தேசிய விருதைப் பெற்றார். இயற்கை ஒளியைக் கையாள்வதில் அவருக்கிருந்த தேர்ச்சியை இன்றும் பேசுகிறார்கள். வாவிக்கரையில் பிறந்தவருக்கு ஒளியைப் படிக்க வேற்றுநாடு செல்ல வேண்டியிருந்தது என்பதே நாம் இங்கு கவனிக்க வேண்டியது.

ஒளியை நூலில் படித்தால் போதாதா? போதாது. காலை வேளையில் வாவியில் வீச்சு வலை எறியும் ஒருவரை, நீரைப் பின்னணியாகக் கொண்டு படம்பிடித்துப் பாருங்கள். முகம் கருநிழலாகிவிடும். முகம் தெரியுமாறு கமெராவின் துவாரத்தைத் திறந்தால் நீர்ப்பரப்பு வெறும் வெள்ளையாகிவிடும். இங்கு மாணவன் ஒரு வெள்ளைத் துணியால் முகத்திற்கு ஒளியைத் திருப்பலாம். தான் நிற்கும் இடத்தை மாற்றலாம். அல்லது சூரியன் சாயும்வரை காத்திருக்கலாம். எது அக்காட்சிக்குப் பொருந்தும் என்பதைப் பலமுறை பிழைவிட்டே அறிய வேண்டும். ஒலியும் அவ்வாறே. திருமணக் காணொளியில் எல்லா ஓசையையும் பாடல் மூடிவிடுகிறது. திரைப்பட மாணவனோ துடுப்பின் சத்தத்தையும் தூரத்துப் பாங்கொலியையும் கோவில் மணியையும் தனித்தனியே பதியப் பழக வேண்டும். (கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன்களை ஒலிவாங்கியில் பிடிப்பது எந்த ஆண்டு மாணவருக்கும் கடினமான பயிற்சியாகவே இருக்கும்!) பின்னர் படத்தொகுப்பு. மணிக்கணக்கில் எடுத்ததைச் சில நிமிடங்களாகக் குறைக்கும்போது, தான் விரும்பிய காட்சியையே வெட்டியெறியும் மனத்துணிவு வேண்டப்படுகிறது.

சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்தில் இக்கல்வி நான்காண்டு காட்சிக்கலைப் பட்டமாக அமைந்துள்ளது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, இயக்கமும் திரைக்கதையும், படத்தொகுப்பு, அசைவூட்டம் என அங்கு துறைகள் பிரிக்கப்பட்டுள்ளன. எமது பக்கத்தில், ஆரையம்பதியிலிருந்து காத்தான்குடியையும் நாவற்குடாவையும் கடந்தால் வரும் கல்லடியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் உள்ளது. இசை, நடனம், நாடகமும் அரங்கியலும், கட்புல தொழில்நுட்பக் கலைகள் ஆகியன அங்கு பயிற்றப்படுகின்றன. திரைப்படம் இந்நான்கையும் வேண்டிநிற்கும் கலையாகும். ஆகவே கிழக்கில் திரைப்படக் கல்வியை வளர்ப்பதற்கு அத்திவாரத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஏன் இது இங்கு அவசியம்? 1990 இன் இழப்புகளைத் தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் வீடுகளுக்குள்ளேயே சொல்லிக்கொள்கின்றனர். 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டு சென்றவர்களைப் பற்றி வெளிநாட்டவர் பலர் வந்து படமெடுத்துச் சென்றனர். செய்முறைப் பட்டப்படிப்பில் எவரும் தனித்துப் படமெடுக்க முடியாது. ஒருவர் கமெராவைப் பிடிக்க, மற்றவர் ஒலிவாங்கியைப் பிடிக்க வேண்டும். காத்தான்குடி மாணவியும் ஆரையம்பதி மாணவனும் ஒரே குழுவில் இருந்தால், ஒருவர் வீட்டுத் தாயின் பேச்சை மற்றவர் காதில் காதொலிப்பான் மாட்டிக் கேட்டே ஆகவேண்டும். ஈரானின் அப்பாஸ் கியாரொஸ்தமி 1970 இல் எடுத்த முதற் குறும்படம், ரொட்டியுடன் வீடு திரும்பும் ஒரு சிறுவனையும் தெருநாயையும் பற்றியது மட்டுமே. ஆடலும் ஆபாசமும் இன்றியே ஒரு முஸ்லிம் நாடு உலகின் மதிப்பைப் பெற்ற சினிமாவைப் படைத்தது என்பதை எமது பெரியோர் கருத்திற்கொள்ள வேண்டும்.

தொழில் பற்றிய கேள்விக்கு மழுப்பலாகப் பதில் கூற நாம் விரும்பவில்லை. இலங்கையில் தமிழ்த் திரைப்படச் சந்தை சிறியது. அரங்குகளை இந்தியப் படங்களே நிரப்புகின்றன. பட்டம் பெறுவோர் அனைவரும் இயக்குநராகப் போவதில்லை. தொலைக்காட்சி, ஆவணப்படம், ஒலிப்பதிவு, விளம்பரம், கற்பித்தல் ஆகியவற்றிலேயே பெரும்பாலானோர் தொழில் தேட வேண்டியிருக்கும். அழகியற் கற்கைகளுக்கு உயர்தரப் பெறுபேற்றுடன் உளச்சார்புப் பரீட்சையும் உண்டு என்பதால், விண்ணப்பிக்க எண்ணுவோர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை முன்கூட்டியே பார்த்து, தாம் எடுத்த படங்களையும் வரைந்தவற்றையும் இப்போதிருந்தே சேர்த்து வைப்பது நல்லது.