நடுவாந்திர மீனுக்கு விடுதலை

1992 ஜனவரி, குளிர்காலம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஃபோர்க் ஏரியில் பாரி செயின்ட் கிளேர் என்பவர் கிராப்பி என்ற சின்ன மீனுக்காகத் தூண்டில் போட்டிருந்தார். கொக்கியில் உயிருள்ள பொடிமீன் இரை. கொத்தியது கிராப்பி இல்லை. இழுத்து மேலே கொண்டுவந்தபோது எட்டேகால் கிலோ எடையில் ஒரு பெருவாய் பாஸ் மீன். டெக்சாஸில் இந்த வகையில் இதைவிடப் பெரிய மீனை முப்பது ஆண்டுகள் கடந்தும் யாரும் பிடிக்கவில்லை.

செயின்ட் கிளேருக்கு அது குருட்டு அதிர்ஷ்டம்தான். ஆனால் அப்படி ஒரு மீன் அந்தத் தண்ணீரில் இருந்ததற்குப் பின்னால் பல வருடத் திட்டம் இருக்கிறது.

டல்லாஸ் நகருக்குக் கிழக்கே, சபைன் ஆற்றில் சேரும் ஓர் ஓடையை மறித்து 1980இல் அணை கட்டி முடித்தார்கள். அதில் தேங்கிய நீர்தான் ஃபோர்க் ஏரி. பரப்பு சுமார் 27,000 ஏக்கர். மூழ்கப்போகிற மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே நிற்கவிட்டார்கள். அணை நிரம்புவதற்கு முன்பே, அங்கிருந்த குட்டைகளில் புளோரிடா இனத்து பாஸ் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். டெக்சாஸின் சொந்த இனத்தைவிட இவை பெரிதாக வளரும். தண்ணீர் ஏற ஏற மீனும் பெருகியது.

பாஸுக்கு மரம் எதற்கு? அது துரத்தி வேட்டையாடும் மீன் அல்ல, பதுங்கிப் பாயும் மீன். அடிமரத்தின் நிழலில் அசையாமல் நின்று, பக்கத்தில் வரும் இரையை வாயைத் திறந்து உறிஞ்சி விழுங்கிவிடும். அந்த வாயால்தான் இதற்குப் பெருவாய் பாஸ் என்று பெயர். வாயை மூடியிருக்கும்போதும் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும். வசந்த காலத்தில் ஆண் மீன் ஆழமில்லாத இடத்தில் வாலால் மண்ணைத் துழாவிக் கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுப் போன பிறகு காவல் இருப்பதும் ஆண்தான். உருவத்தில் பெண்தான் பெரிது. சாதனைப் பட்டியலுக்கு வருகிற மீன் ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகவே இருக்கும்.

சரி, 27,000 ஏக்கர் தண்ணீருக்குள் எத்தனை மீன் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாஸ் கரையோரம் ஒதுங்கும் இரவு நேரத்தில் மீன்வளத் துறையின் படகு ஒன்று கிளம்பும். அதில் ஒரு ஜெனரேட்டர். படகின் முன்பக்கம் இரண்டு கம்புகள் நீண்டிருக்க, அவற்றிலிருந்து கம்பிகள் தண்ணீருக்குள் தொங்கும். விட்டு விட்டுத் துடிக்கும் மின்சாரத்தை அதில் பாய்ச்சுவார்கள். சுற்றிலும் சில அடி தூரத்துக்குள் இருக்கும் மீன்கள் மரத்துப்போய் மேலே மிதந்து வரும். முன்னால் நிற்கும் இருவர் நீளக் கைப்பிடி வலையால் அள்ளித் தொட்டியில் போடுவார்கள். சிறிது நேரத்தில் மீன் தெளிந்துவிடும். அளந்து, எடை போட்டு, மறுபடி ஏரியில் விட்டுவிடுவார்கள்.

இதில் கிடைப்பது மொத்த எண்ணிக்கை அல்ல. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீன் என்ற கணக்கு. அதே ஏரியில் அதே முறையில் அதே பருவத்தில் திரும்பத் திரும்பச் செய்தால், கூடுகிறதா குறைகிறதா என்பது தெரிந்துவிடும்.

மொத்த எண்ணிக்கையே வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. டென்மார்க்கின் மீன் ஆய்வாளர் பீட்டர்சன் பெயரால் வழங்கும் முறை அது. உதாரணமாக, ஒரு குளத்தில் 100 மீன்களைப் பிடித்து அடையாளம் குத்தி விடுகிறோம். சில நாள் கழித்து 50 மீன் பிடிக்கிறோம். அதில் 5 அடையாளம் உள்ளவை. பத்தில் ஒன்று நாம் குறித்த மீன் என்றால், குளத்தில் சுமார் 1,000 மீன் இருக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். அதை 27,000 ஏக்கரில் செய்வதுதான் பெரும்பாடு.

எண்ணிக்கை மட்டும் போதாது, வயதும் வேண்டும். மீனின் தலைக்குள் காதுக்கல் என்ற சிறு சுண்ணாம்புத் துண்டு உண்டு. குளிர்காலத்தில் வளர்ச்சி மெதுவாவதால், மரத்தில் இருப்பதுபோல அதில் ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். அறுத்து நுண்ணோக்கியில் வைத்து எண்ணிவிடலாம். இதற்கு மட்டும் மீன் சாக வேண்டும். அதனால் சில மீன்களிடம் மட்டுமே எடுப்பார்கள்.

அடுத்து அளவுக் கணக்கு. 8 அங்குலத்துக்கு மேற்பட்ட பாஸ்களில் 12 அங்குலத்தையும் தாண்டியவை நூற்றுக்கு எத்தனை என்று பார்ப்பார்கள். 40 முதல் 70 வரை இருந்தால் ஏரி சமநிலையில் இருக்கிறது. அதைவிடக் குறைந்தால் சின்ன மீன் நெரிசல். கூடினால் புதுத் தலைமுறை தலையெடுக்கவில்லை.

இந்த அளவுகளை வைத்துத்தான் விதி போடுகிறார்கள். ஃபோர்க் ஏரியில் நீண்டகாலமாக உள்ள விதி இது: 16 அங்குலம் முதல் 24 அங்குலம் வரை உள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே விட்டுவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மீன் எடுக்கலாம். அதில் 24 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளது ஒன்றுதான் இருக்கலாம்.

நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். குஞ்சை விடு, பெரியதைப் பிடி என்றுதானே நாம் சொல்வோம்? ஆனால் நடுவாந்திர மீன்தான் நாளைய பெரிய மீன். நெரிசலையும் பசியையும் தாண்டி, பெரிதாகும் தறுவாயில் இருப்பது அது. அதைக் காப்பாற்றியாக வேண்டும். சின்னதோ கூட்டமாக இருக்கும். கூட்டம் அதிகமானால் இரைக்குப் போட்டி, போட்டி அதிகமானால் எல்லாமே மெலிந்து குட்டையாகவே நின்றுவிடும். நான்கு பேருக்கு வடித்த சோற்றைப் பத்துப் பேருக்குப் பரிமாறினால் யார் வயிறு நிறையும்?

இந்த விதி பாதியிலேயே நின்றுபோகும் ஆபத்தும் உண்டு. பாஸ் பிடிக்கிறவர்களில் பலர் எந்த மீனையும் கொல்வதில்லை. பிடித்த கையோடு விட்டுவிடுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் சின்னதையும் விட்டுவிட்டால் நெரிசல் குறையாது, விதி எதிர்பார்த்த வளர்ச்சியும் வராது. அதனால்தான், சின்ன மீனை எடுத்துப்போய்ச் சமைத்துச் சாப்பிடுங்கள் என்று மீன்வள அறிஞர்களே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆக, இந்த ஏரியில் தூண்டில் போடுகிறவருக்குக் கொக்கி அளவுக்கு முக்கியம் அளவுகோல். மீனைப் பலகையில் கிடத்தி, வாயை மூடி, வாலின் இரு நுனிகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். பதினைந்தரை அங்குலம் என்றால் எண்ணெய்ச் சட்டிக்குப் போகலாம். பதினாறரை என்றால் தண்ணீருக்கு.