கல்லிடையே ஓடும் கடல்

கற்குவியலால் அமைந்த அலைதாங்கி அலையை முற்றாக மறிப்பதில்லை. கல்லிடுக்குகளில் நுழையவிட்டு அதன் ஆற்றலைத் தேய்க்கின்றது. ஓப்பன்போம் போன்ற நீரோட்டக் கணிப்பு மென்பொருளில் ஒவ்வொரு கல்லையும் வரைந்து கணித்தல் பெரும்பாலும் இயலாது. எனவே, குவியலைத் தொடர்ச்சியான ஓர் ஊடகமாகக் கொண்டு சராசரி வேகமே கணிக்கப்படுகின்றது. கற்களின் தடை இரு கூறுகளாகச் சமன்பாட்டிற் சேரும்: ஒன்று வேகத்திற்கும், மற்றையது வேகத்தின் வர்க்கத்திற்கும் விகிதசமமானது. முதற்கூறு, டிஜோன் நகர நீர்வழங்கலில் ஈடுபட்ட டார்சி மணலிற் செய்த பரிசோதனைகளிலிருந்து 1856இல் பிறந்தது. இரண்டாவதைப் போர்க்ஹைமர் 1901இற் சேர்த்தார். இவற்றின் குணகங்களைக் கணினி தானே அறியாது. அலைத்தொட்டியில் அளந்த நீர்மட்டத்தோடும் அமுக்கத்தோடும் ஒப்பிட்டே அவை தீர்மானிக்கப்படுகின்றன. ஒருவகைக் கல்லுக்குப் பொருந்திய குணகம் பிறிதொன்றுக்குப் பொருந்துமென்ற உறுதியில்லை. ஆகவே, கரையோர மக்களின் வாழ்விடத்தைக் காக்க அணை அமைப்போர், கணினி தரும் எண்ணை ஏற்குமுன், அது எந்த அளவீட்டின்மேல் நிற்கின்றதென வினவுதல் வேண்டும்.